பைக் சத்தம் கேட்டதும் பீரோ பின்னாடி போற பையன்

பேரு போட வேண்டாம்னு கேட்டிருக்கீங்க, போடலை. படிக்கிற மத்தவங்களுக்காக கடிதத்தை மட்டும் சுருக்கி சொல்லிடுறேன்.

பையனுக்கு 3 வயசு 8 மாசம், ப்ரீகேஜி போறான், மிஸ் கூப்பிட்டு விட்டு "ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறான், நான் ரைம்ஸ் சொன்னா அவன் வாசலையே பாக்குறான், ஏடிஹெச்டியா (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற குறைபாடு) இருக்குமோன்னு டவுட்டா இருக்கு, எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க"ன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுல தொட்டதுக்கெல்லாம் அழுகை, ஆரம்பிச்சா அரை மணி நேரம், தரையில விழுந்து பொரண்டு தன் கையையே கடிச்சுக்குறான். ஃபோன் காட்டாம ஒரு வாய் இறங்காது. தூங்க ராத்திரி 11 ஆகுது. பல்லடம் பக்கம் லைன் வீடு, சுவத்துக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன், உள்ள மாமியார் டிவி காலையில போட்டா ராத்திரிதான் அணையும். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில ஒண்ணரை ஷிப்ட் முடிச்சு வர ஒன்பதாகும், சனிக்கிழமை சம்பளம் வாங்கினா குடிச்சிட்டு வருவார், சத்தம் போடுவார். பையன் பொறந்த முதல் ஒண்ணரை வருஷம் அவருக்கு வேலை இல்லை, வட்டிக்கு வாங்கின கடன், மூணு வீடு மாறியிருக்காங்க, அதே சமயத்துல இந்த அம்மா ஆறேழு மாசம் பிள்ளை அழுதாக்கூட எந்திரிச்சு தூக்கத் தோணாம படுத்தே கிடந்திருக்காங்க. இப்ப யூட்யூப்ல யாரோ "மூணு வயசோட மூளை முடிஞ்சிரும், அதுக்கப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது"ன்னு பேசுனதைக் கேட்டதுல இருந்து தூக்கம் இல்லை. "நானே என் பிள்ளையைக் கெடுத்துட்டேனா டாக்டர்?"னு கேட்டு முடிச்சிருக்காங்க.

அம்மா, உங்க நாலு பக்கத்துல நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி இருக்கு. காது நல்லாத்தான் கேக்குதுன்னு எனக்கு காட்டுறதுக்காக எழுதியிருக்கீங்க. "அவங்கப்பா பைக் தெருமுனையில திரும்பும்போதே எங்களுக்கெல்லாம் முன்னாடி இவனுக்குக் கேட்டுரும், ஓடிப்போய் பீரோ பின்னாடி நின்னுக்குவான்." நான் அந்த எடத்துல கடிதத்தை கீழ வெச்சுட்டேன். பக்கத்துல தறி ஓடுது, உள்ள டிவி ஓடுது, ரோட்டுல எத்தனை வண்டி போகுதோ, அத்தனை சத்தத்துக்கு நடுவுல ஒரே ஒரு பைக்கை மட்டும் பிரிச்சு எடுக்குறான் நாலு வயசு கூட ஆகாத பையன். இவனுக்கா கவனம் இல்லைங்கறீங்க? இவ்வளவு கவனம் பெரியவங்களுக்கே வராது. அந்தக் கவனம் பூரா ஒரே வேலையில மாட்டியிருக்கு, வீட்டுக்கு காவல் இருக்கிற வேலை. யாரு வர்றா, என்ன மூட்ல வர்றா, இன்னிக்கு சனிக்கிழமையா. அதுல மிச்சம் ஏதாவது இருந்தாத்தானே ரைம்ஸுக்கு வரும். மிஸ் சொன்னதையும் இதோட சேத்துப் பாருங்க, அவன் அங்கயும் வாசலைத்தான் பாக்குறான்.

இது ஏன் இப்படின்னு கொஞ்சம் சொல்றேன், போரடிச்சாலும் படிங்க, ஏன்னா பின்னாடி நான் சொல்ற வேலையெல்லாம் இதுல இருந்துதான் வருது. பயம்னு மூளைக்குப் பட்டா, கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரீனல் சுரப்பிக்கு தகவல் போகும், உடனே அட்ரீனலின், கொஞ்சம் கழிச்சு கார்ட்டிசால்னு ரெண்டு ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், காது கூராகும், கண்ணு ஒரு எடத்துல நிக்காம சுத்திச் சுத்திப் பாக்கும். பாம்பு வந்தா தப்பிக்க இது வேணும். கார்ட்டிசால் விஷம்னு ஃபோன்ல யாராவது பேசினா தள்ளிட்டுப் போயிருங்க, காலையில நாம தெளிவா எந்திரிக்கிறதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு, எந்திரிச்சு அரை மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும், அப்புறம் பகல் பூரா மெல்ல இறங்கி ராத்திரி அடங்கணும். ஏறுறதுல தப்பே இல்லை, ஏறினது இறங்குதாங்கறதுதான் கேள்வி. இறக்குற பிரேக் நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதியில இருக்கு, அது இருபது வயசைத் தாண்டியும் வளந்துட்டே இருக்கிற பகுதி, மூணு வயசு பிள்ளைகிட்ட அது பேருக்குத்தான் இருக்கும். அதனால சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருக்கிற பெரியவங்க பிரேக்கைத்தான் கடன் வாங்கி ஓட்டுதுங்க.

கடன்னு சொல்றது சும்மா பேச்சுக்கு இல்லை. அமெரிக்காவுல மின்னசோட்டாவுல மேகன் கன்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர், பிள்ளைங்களோட எச்சிலை எடுத்து கார்ட்டிசால் அளக்குறதுலயே காலத்தை ஓட்டினவங்க. ஒரு வயசு தாண்டின பிள்ளைங்களுக்கு தடுப்பூசி போடும்போதும் புது எடத்துல விடும்போதும் பாத்தாங்க. பயந்த சுபாவம் உள்ள பிள்ளைதான், ஆனா அம்மா மேல நம்பிக்கை இருக்குன்னா, அழும், ஒட்டிக்கும், கார்ட்டிசால் மட்டும் பெருசா ஏறலை. அதே சுபாவம், நம்பிக்கை உறுதியா இல்லாத பிள்ளைக்கு ஏறுச்சு. அழுகையை வெச்சு உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லவே முடியாது. பாட்டிங்க "அழுதா அழட்டும், தூக்காத, செல்லம் ஏறிடும்"னு சொல்லுவாங்கல்ல, அவங்களை நான் எதுத்துப் பேசுறது இல்லை, ஆனா தூக்கினதால எந்தப் பிள்ளையும் கெட்டதை நான் இத்தனை வருஷத்துல பாக்கலை.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். படுத்தே கிடந்த அந்த ஆறேழு மாசம்.

1970கள்ல எட்வர்ட் ட்ரானிக்னு ஒருத்தர் ஒரு சோதனை பண்ணாரு. அம்மா குழந்தைகிட்ட சிரிச்சுப் பேசிட்டே இருப்பாங்க, திடீர்னு ரெண்டு நிமிஷம் முகத்தை கல்லு மாதிரி வெச்சுக்கணும். குழந்தை முதல்ல சிரிச்சுப் பாக்கும், கையை நீட்டும், வீல்னு ஒரு சத்தம் குடுக்கும், அப்புறம் மூஞ்சியைத் திருப்பிக்கும், தோள் தொங்கிடும். அதைப் பாத்தவங்க யாருக்கும் மறக்காது, உங்களை மாதிரி அம்மாங்க அதோட வீடியோவைப் பாத்துட்டு வந்து என் முன்னாடி அழுதிருக்காங்க. ஆனா வீடியோ போடுறவன் விட்டுட்டுப் போற பாதி ஒண்ணு இருக்கு. அதே ட்ரானிக்தான் இதையும் சொன்னாரு, நல்லா இருக்கிற அம்மாவும் நல்லா இருக்கிற குழந்தையும் கூட ஒருத்தரோட ஒருத்தர் ஒத்துப்போறது பத்துல மூணு பங்கு நேரம்தான், மிச்ச நேரம் பூரா தப்பிப்போகும், மறுபடி சேரும், தப்பிப்போகும், சேரும். அந்த மறுபடி சேர்றதுலதான் பிள்ளை, அழுதாலும் இது சரியாகிடும்னு கத்துக்குது. உங்களுக்கு அப்ப வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்கப்புறம் வர்ற டிப்ரெஷன், அது நோய்மா, சோம்பேறித்தனமோ பாசம் இல்லாததோ கிடையாது, அன்னிக்கே ஒருத்தர் கண்டுபிடிச்சு வைத்தியம் பண்ணியிருக்கணும். அது வீட்டுல இருந்தவங்களும் ஆஸ்பத்திரியும் விட்ட தப்பு, அதை உங்க தலையில நீங்களே ஏத்திக்காதீங்க. இப்பவும் அப்பப்ப அந்த மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க, 14416க்கு ஃபோன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்க சேவை, காசு இல்லை, தமிழ்ல பேசலாம். பையனுக்கு என்ன செய்யணும்னு கேட்டீங்கல்ல, லிஸ்ட்டுல இதுதான் முதல்ல.

மூணு வயசுல மூளை முடிஞ்சிருங்கற பேச்சு எங்க இருந்து வருதுன்னா, அந்த வயசுக்குள்ள மூளையோட சைஸ் பெரியவங்க மூளையில முக்கால்வாசிக்கு மேல வந்துடுது. அது நிஜம். வீடு கட்டுறவங்களைக் கேளுங்க, சுவர் எழுப்பி மேல கான்கிரீட் போட்டாச்சுன்னா பாக்குறதுக்கு வீடு முடிஞ்ச மாதிரிதான் தெரியும், வயரிங்கும் பூச்சும் இருக்கும்போது யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க.

இதுக்கு இருக்கிறதுலயே கடுமையான உதாரணம் ருமேனியா. அங்க சௌசெஸ்குங்கற சர்வாதிகாரி ஆட்சியில 1966ல கருக்கலைப்பை தடை பண்ணாங்க, வளக்க வழியில்லாத குடும்பங்க பிள்ளைங்களை அரசாங்க விடுதியில விட்டுட்டாங்க, 1989ல ஆட்சி கவுந்தப்ப லட்சத்துக்கு மேல பிள்ளைங்க அந்த மாதிரி விடுதிங்கள்ல இருந்தாங்க. சோறு உண்டு, துணி உண்டு, வரிசையா தொட்டில் உண்டு, ஷிப்ட் மாறி மாறி வர்ற ஆயாங்க உண்டு, தன்னோடதுன்னு ஒரு ஆள் கிடையாது. 2000க்கு அப்புறம் நெல்சன், ஃபாக்ஸ், ஜீனான்னு மூணு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் புக்கரெஸ்ட் போய், ஆறு மாசத்துல இருந்து 31 மாசம் வரைக்கும் வயசுள்ள 136 பிள்ளைங்களை எடுத்து, சீட்டுக் குலுக்குற மாதிரி பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்கள்ல வெச்சாங்க. மீதிப் பாதி விடுதியிலயே. (அந்த மீதிப் பேரை நினைச்சா எனக்கு இன்னிக்கும் வயித்தைப் பிசையும், அப்ப அங்க வளர்ப்புக் குடும்பம்னு ஒரு ஏற்பாடே கிட்டத்தட்ட கிடையாது, இவங்கதான் ஆள் பிடிச்சு உருவாக்கினாங்கன்னு சமாதானம் சொல்லுவாங்க, சரிதான், இருந்தாலும்.) அப்புறம் 12 வயசு வாக்குல பாத்தப்ப, விடுதியிலயே இருந்தவங்களுக்கு டென்ஷன் குடுத்தா உடம்பு சரியா பதிலே சொல்லலை, ஏற வேண்டிய அளவுக்கு ஏறவே இல்லை, அலாரம் செத்துப்போன மாதிரி. ரெண்டு வயசுக்குள்ள குடும்பத்துக்குப் போன பிள்ளைங்களுக்கு அது மத்த பிள்ளைங்க மாதிரியே இருந்துச்சு. பாசம் ஒட்டுறது, புத்திக்கூர்மை இதெல்லாமும் முன்னேறுச்சு. கவனக்குறைவு மட்டும் அந்த அளவுக்கு சரியாகலை, அதையும் மறைக்காம சொல்லிடுறேன், கவனம் அவ்வளவு சுலபமா மீளுற விஷயம் இல்லை.

ஆனா அந்தப் பிள்ளைங்க எங்க, உங்க பையன் எங்க! அவனுக்கு உங்க வீட்டுல எல்லாக் கஷ்டத்துலயும் ஆளு இருந்துச்சு, நீங்க படுத்திருந்தப்ப உங்க மாமியார் தூக்கியிருக்காங்க, நீங்களே எழுதியிருக்கீங்க, குளிப்பாட்டி சாம்பிராணி போட்டு மடியிலயே வெச்சிருந்தாங்கன்னு. டிவி விஷயத்துல அவங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

டிவிக்கு வரேன். குழந்தை பாக்குற டிவியைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, குழந்தை பாக்காத டிவியைப் பத்தி யாரும் பேசுறதில்லை. 2008ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒரு ஆய்வு, 1 வயசு, 2 வயசு, 3 வயசு பிள்ளைங்களை பொம்மையோட ஒரு மணி நேரம் விட்டாங்க, அதுல பாதி நேரம் ஓரத்துல பெரியவங்க பாக்குற ஒரு க்விஸ் ப்ரோக்ராம் ஓடும். பிள்ளைங்க அதை சரியா பாக்கவே இல்லை, சில செகண்ட் திரும்புவாங்க, விட்டுடுவாங்க. ஆனா டிவி ஓடும்போது ஒரு பொம்மையோட உக்காந்து விளையாடுற நேரம் குறைஞ்சு போச்சு, ஆழ்ந்து பாக்குறதும் குறைஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொரு தடவை சீரியல்ல "டொய்ங்"னு ஒரு மியூசிக் வரும்போதும் அவன் கையில இருக்கிற வேலை அறுந்து போகுது. இப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை அறுந்தா, முழுசா ஒரு வேலையை முடிக்கிற பழக்கம் எங்க வரும்? நான் மட்டும் யோக்கியம்னு நினைக்காதீங்க, என் க்ளினிக் வெயிட்டிங் ரூம்லயே ஏழெட்டு வருஷம் கார்ட்டூன் ஓடிட்டு இருந்துச்சு, அழாம இருக்கட்டுமேன்னு. அதைக் கழட்டிட்டு ஒரு டப்பா நிறைய பாட்டில் மூடி, பழைய பூட்டு, சாவின்னு வெச்சேன். முதல் வாரம் அம்மாங்க ரிசப்ஷன்ல சண்டை போட்டாங்க.

தறி சத்தம் இன்னொண்ணு. சத்தத்துலயே பொறந்து வளர்ற பிள்ளை அதைக் கேக்காம விடப் பழகிக்கும், நல்லதுதானேன்னு தோணும். சிக்கல் என்னன்னா, தறியை விடும்போது பேச்சையும் சேத்து விட்டுடுது. நியூயார்க்குல மன்ஹாட்டன்ல ஒரு ஸ்கூல், ஒரு பக்கத்து க்ளாஸ் ரூமெல்லாம் ரயில் பாலத்தை ஒட்டி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ரயில், டீச்சர் கத்தணும் இல்லைன்னா நிறுத்தணும். ஆர்லின் ப்ரான்சாஃப்ட்னு ஒரு அம்மா 1975ல கணக்கெடுத்துப் பாத்தா, அந்தப் பக்கம் படிச்ச பிள்ளைங்க ஆறாவது வரும்போது அமைதியான பக்கத்துப் பிள்ளைங்களை விட வாசிப்புல கிட்டத்தட்ட ஒரு வருஷம் பின்தங்கி இருந்தாங்க. எனக்கு இதுல பிடிச்சது அடுத்த பாதிதான். தண்டவாளத்துக்கு ரப்பர் வெச்சாங்க, க்ளாஸ் ரூம் கூரையில சத்தம் உறிஞ்சுற பலகை அடிச்சாங்க, சில வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு. பிள்ளைங்களுக்கு ட்யூஷன் வைக்கலை, மாத்திரை குடுக்கலை, தண்டவாளத்துக்கு ரப்பர் வெச்சாங்க அவ்வளவுதான். உங்களால தறியை நிறுத்த முடியாது, வாடகை கம்மிங்கறதாலதான் அங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அவன் படுக்கிற எடத்தை தறிச்சுவத்துல இருந்து எதிர்ப்பக்கம் மாத்துங்க. அவன்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சமையக்கட்டுல இருந்து கத்தாதீங்க, அவன் காதுக்கு அதுவும் தறிதான். கிட்டப் போய், குத்துக்கால் போட்டு உக்காந்து, தோளைத் தொட்டு, மூஞ்சியைப் பாத்து ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் தோட்டத்துப் பக்கமோ கோயில் திண்ணையோ, சத்தம் இல்லாத எடமா கூட்டிட்டுப் போங்க, அங்க போய் அவனுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

இதை ஏன் சொல்றேன்னா, பெரியவங்க சொல்லித்தர ஆரம்பிச்சாலே பிள்ளையோட கவனம் நம்ம பின்னாடி இழுபடும். அமெரிக்காவுல இந்தியானாவுல சென் யூ, லிண்டா ஸ்மித்னு ரெண்டு பேரு, ஒரு வயசு பிள்ளை தலையிலயும் அம்மா அப்பா தலையிலயும் குட்டி கேமரா மாட்டி, யாரு எதைப் பாக்குறாங்கன்னு பதிவு பண்ணாங்க. பிள்ளை ஒரு சாமானைப் பாக்கும்போது பெரியவங்களும் அதே சாமானைப் பாத்தா, பெரியவங்க கண்ணை எடுத்த அப்புறமும் பிள்ளை அதைக் கூடுதல் நேரம் பாத்துட்டு இருக்கு. பாத்தீங்களா, கவனமும் கடன்தான். தினமும் 15 நிமிஷம் போதும், அவன் டம்ளரை அடுக்குறானா நீங்களும் டம்ளரைப் பாருங்க, "அட, இது மேல அதுவா"ன்னு சொல்லுங்க, "இது என்ன கலர், எத்தனை டம்ளர், எண்ணு பாக்கலாம்"னு எல்லாம் பரீட்சை வைக்காதீங்க. உங்க ஃபோன் அடுத்த ரூம்ல இருக்கட்டும்.

மாமியார்கிட்ட "டிவியால பிள்ளை கெட்டுப்போச்சு"ன்னு ஆரம்பிச்சா அன்னிக்கே சண்டைதான். "அத்தை, டாக்டர் சொல்லியிருக்காங்க, உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு சீரியலை நிம்மதியா பாருங்க, அந்த நேரம் நான் இவனை வெளிய கூட்டிட்டுப் போயிடுறேன், மத்த நேரம் அணைச்சிடலாம்"னு சொல்லிப் பாருங்க. பழியை என் மேல போடுங்க, அதுக்குத்தான் டாக்டர் இருக்கிறது.

அப்புறம் வாக்கு. 2012 வாக்குல அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல செலஸ்ட் கிட்டும் அவங்க கூட இருந்தவங்களும் 28 பிள்ளைங்களை வெச்சு ஒண்ணு பண்ணாங்க. முதல்ல ஒருத்தர் வந்து "நல்ல கலர் பென்சில் கொண்டு வரேன், இரு"ன்னு சொல்லிட்டுப் போவார். பாதிப் பிள்ளைங்களுக்கு கொண்டு வந்தாரு, பாதிப் பேருக்கு "சாரி, இல்லை"ன்னு கையை விரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு மிட்டாய் வெச்சு, தின்னாம காத்திருந்தா ரெண்டா தரேன்னு சொன்னாங்க. சொன்னதைச் செஞ்ச ஆளுகிட்ட பிள்ளைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்துச்சு, ஏமாத்தின ஆளுகிட்ட 3 நிமிஷம். அதே வயசு பிள்ளைங்கதான். இப்ப நம்ம வீட்டுப் பேச்சைக் கேளுங்க, "அழாம இரு, நாளைக்கு கார் பொம்மை", "சாப்பிடு, கடைக்குப் போலாம்", எத்தனை நாளைக்கு வந்தது, எத்தனை கடைக்குப் போனீங்க? கூடவே பூச்சாண்டி, போலீஸ், "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட சொல்லிருவேன்". இது எனக்கு தனிப்பட்ட கோபம்மா, நான் ஒரு பிள்ளையோட ஒரு வருஷமா சிநேகம் பிடிச்சு வெச்சிருப்பேன், பஸ்ல வரும்போதே அந்த ஒரு வார்த்தையில மொத்தமும் போயிடும். செய்ய முடியுறதை மட்டும் சொல்லுங்க, சின்னதா சொல்லுங்க, சொன்னா செஞ்சிருங்க.

அந்த அரை மணி நேர அழுகையில என்ன செய்யணும்னு கேட்டிருக்கீங்க. அவன் தரையில விழுந்த உடனே அறிவுரை, மிரட்டல், கெஞ்சல், ஃபோன் இது நாலையும் நிறுத்திடுங்க. பக்கத்துல தரையிலயே உக்காருங்க, நின்னுட்டு இருந்தா அவனுக்கு நீங்க இன்னும் பெரிய உருவமாத் தெரியுவீங்க. கையைக் கடிக்கிறானா, அதட்டாம ஒரு துண்டை சுருட்டி கைக்கும் வாய்க்கும் நடுவுல வெச்சிருங்க. "அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு", இந்த ஒரே வாக்கியம், மெல்ல, நிமிஷத்துக்கு ஒரு தடவை போதும். தொட விட்டா முதுகுல கை வைங்க, தட்டி விட்டா எடுத்துக்கோங்க, போயிடாதீங்க. அடங்கினதும் தண்ணி குடுங்க. ஏன் அழுதேங்கற விசாரணையை சாயங்காலமா வெச்சுக்கலாம், இல்லை வேண்டவே வேண்டாம். கேட்டது கிடைக்காதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா அழுது முடிச்ச அப்புறமும் கிடைக்கக் கூடாது, அது மட்டும் உறுதி. முதல் பத்து நாள் அழுகை கூடலாம், அதுல பயந்து விட்டுடாதீங்க.

தூக்கம் 3, 4 வயசுக்கு ஒரு நாளைக்கு 10ல இருந்து 13 மணி நேரம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, மதியத் தூக்கத்தையும் சேத்துத்தான், ஃபோன் டிவி எல்லாம் கூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னும் அதுலயே இருக்கு. நீங்க எழுதினபடி இவனுக்கு 8 மணி நேரம் தேறினா அதிகம். தூக்கம் பத்தாத பிள்ளை துறுதுறுன்னு ஆடும், சோர்ந்து உக்காராது, அதைப் பாத்து எல்லாரும் ஹைப்பர்னு சொல்லுவாங்க. மூணு நாளைக்கு ஒருக்கா கால் மணி நேரம் முன்னாடி இழுத்து ஒன்பதரை, ஒன்பதே முக்காலுக்குள்ள கொண்டு வாங்க. சாப்பாட்டுக்கு ஃபோனை ஒரே நாள்ல புடுங்க வேண்டாம், காலை வேளை ஒண்ணுல மட்டும் ஆரம்பிங்க, ரெண்டு இட்லி தின்னுட்டு எந்திரிச்சா சரின்னு விட்டுடுங்க.

இதுக்கு நடுவுல ரெண்டு மூணு விஷயம் டாக்டர்கிட்ட பாத்துருங்க. ஹீமோகுளோபின், முடிஞ்சா ஃபெரிடின் (உடம்புல சேத்து வெச்சிருக்கிற இரும்புச்சத்தைக் காட்டுற டெஸ்ட்). தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல வந்துச்சு, இரும்புச்சத்து குறைஞ்ச பிள்ளை சிடுசிடுன்னுதான் இருக்கும், மனசு ஒரு எடத்துல நிக்காது. ராத்திரி குறட்டை, வாயைத் திறந்துட்டு தூங்குறது இருந்தா அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதை, வீங்கியிருக்கான்னு பாக்கணும். பைக் சத்தம் கேக்குதுன்னாலும் காதை ஒரு தடவை முறையா டெஸ்ட் பண்ணிருங்க, ஒரு காதுல சீழோ நீரோ இருந்தா வீட்டுல தெரியாது.

ஏடிஹெச்டியா இல்லையான்னு கடிதத்துல சொல்ற டாக்டரை நம்பாதீங்க, நானும் சொல்ல மாட்டேன். நாலு வயசுக்கு முன்னாடி அந்த முத்திரையைக் குத்த நாங்க ரொம்பத் தயங்குவோம், குத்தணும்னாலும் வீடு, ஸ்கூல்னு ரெண்டு எடத்துலயும் ஆறு மாசத்துக்குக் குறையாம இருக்கணும். அப்படியே இருந்தாலும் இந்த வயசுல முதல் வைத்தியம் மாத்திரை இல்லை, அம்மா அப்பாவுக்கு குடுக்கிற பயிற்சிதான், மேல நான் எழுதினதுல பாதி அதுதான். இவன் வாக்கியமா பேசுறான், கூப்பிட்டா திரும்புறான், மத்த பிள்ளைங்களோட சேர்றான்னு எழுதியிருக்கீங்க, அதனால மூணு மாசம் இதெல்லாம் செஞ்சு பாத்துட்டுப் போகலாம். பேசிட்டு இருந்த வார்த்தை குறைஞ்சா மட்டும் ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிங்கள்ல டெயிக்னு ஒரு பிரிவு இருக்கு, குழந்தைங்களோட வளர்ச்சியைப் பாக்குறதுக்கே வெச்சது, 2013ல வந்த திட்டம், காசு கிடையாது.

மிஸ்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, கவனிச்சு கூப்பிட்டுச் சொன்னதுக்கு நன்றி சொல்லிட்டு, வாசல் தெரியாத மாதிரி, அதே சமயம் தன் பக்கத்துல உக்கார வைக்க முடியுமான்னு கேளுங்க. முடிஞ்சா அவன் முன்னாடி இருக்கிற சுவத்துல ஒட்டியிருக்கிற சார்ட்டை எல்லாம் கொஞ்சம் எடுக்க சொல்லுங்க. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல 2014ல பாத்திருக்காங்க, சுவர் பூரா அலங்காரம் இருந்த ரூம்ல பிள்ளைங்க 39 சதவீத நேரம் வேற எங்கயோ பாத்துட்டு இருந்தாங்க, வெறும் சுவர் ரூம்ல அது 28. நம்ம ஊரு ப்ரீகேஜில சுவத்துல ஒரு இன்ச் விட மாட்டாங்க, ஃபீஸ் கட்டுற நமக்கும் அது இருந்தாத்தான் திருப்தி.

கடைசியா உங்க வீட்டுக்காரர். இந்தப் பதிலை அவருக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம், குத்தம் சொல்ற மாதிரி ஆகும். பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற மனுஷன், அவரும் பிரேக் தேஞ்சுதான் வீட்டுக்கு வர்றாரு. ஒரே ஒரு வேலை குடுங்க. பைக்கை நிறுத்தினதும் உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு பையன் பேரைச் சொல்லி ஒரு குரல், தினமும் ஒரே மாதிரி. கை கால் கழுவிட்டு பத்து நிமிஷம் வாசப்படியில உக்காரட்டும். பீரோ பின்னாடி இருந்து யாரும் அவனை இழுத்துட்டு வரக்கூடாது, "பாரு பயந்தாங்கொள்ளி"ன்னு சிரிக்கக்கூடாது. அவனா வருவான், ஒரு வாரமோ மூணு வாரமோ. குடிச்சிட்டு வர்ற சனிக்கிழமை இது வேண்டாம், அன்னிக்கு அவர் வர்றதுக்குள்ள பையன் தூங்கியிருக்கணும், இல்லைன்னா அம்முச்சி வீட்டுல இருக்கட்டும். சத்தம் போடுவார்னு மட்டும் எழுதியிருக்கீங்க, கை நீட்டுவாரான்னு எழுதலை. நீட்டினா இந்த வாசப்படி யோசனை எல்லாம் அப்புறம், முதல்ல பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க, பையன் மேல கை வெச்சா குழந்தைகள் உதவி எண் 1098.

வீட்டுல கிழிக்கிற காலண்டர் இருக்குமில்ல, கிழிச்ச தாளைத் தூக்கிப் போடாதீங்க. பின்னாடி மூணே மூணு விஷயம் குறிச்சு வைங்க, எத்தனை மணிக்குத் தூங்கினான், அழுகை எத்தனை நிமிஷம், பைக் சத்தம் கேட்டப்ப எங்க நின்னான். சனிக்கிழமை தாளை மட்டும் தனியா க்ளிப் போட்டு வைங்க. மூணு மாசம் கழிச்சு டெயிக் போனா அந்தக் கட்டை அப்படியே டாக்டர் கையில குடுத்துருங்க, வேற எதுவும் சொல்ல வேண்டாம்.